கடலேறும் முன் கரையில் கேட்க வேண்டியவை

அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா, அம்மாவைக் கப்பலில் கோவாவுக்கு அனுப்பிவைப்பது மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் இப்போது பரவலாகிவருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இணையத்திலேயே டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தாராவியில் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கிளம்புகின்றன. மகிழ்ச்சியான விஷயம்தான். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, வாழ்நாளெல்லாம் லோக்கல் ரயில் நெரிசலிலேயே கழித்துவிட்டு, கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் இவர்கள். நடுக்கடலில் ஒரு சூரிய உதயத்தைப் பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

என் கவலை வேறு. பயணி அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி, அவருக்குப் பழக்கமில்லாத மொழியில், பணம் கட்டிய பிறகு, சில சமயம் கப்பலேறிய பிறகே அவருக்குச் சொல்லப்படுகிறது. கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் தெளிந்துவிடும் சந்தேகம், கடலுக்குள் போனபின் தீராது. அங்கே அடுத்த தெருவில் மருந்துக் கடை கிடையாது. பிடிக்கவில்லை என்று பாதியில் இறங்கவும் முடியாது. ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் கரையிலேயே கேட்டுவிட வேண்டும். பதிலைப் புரியும் மொழியில் சொல்லும் கடமை கப்பல் நிறுவனத்துக்கும் துறைமுகத்துக்கும் இருக்கிறது.

மும்பையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களின் வரலாறே ஓர் எச்சரிக்கைப் பாடம். 2019 ஏப்ரலில் ஜலேஷ் நிறுவனத்தின் 'கர்ணிகா' ஆரவாரமாக வந்தது. கொரோனா ஊரடங்கில் முடங்கியது. 2020-இல் நிறுவனமே மூடப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி விற்கப்பட்ட கப்பல், குஜராத்தின் அலங் கரையில் உடைக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' பயணத்தைத் தொடங்கியது. அது 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனம் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறக்கிய கப்பல். இடையில் 2023 நவம்பரில் இத்தாலியின் 'கோஸ்டா செரீனா'வும் மும்பையிலிருந்து உள்நாட்டுப் பயணங்களை நடத்தியது. கப்பல்கள் வரும், போகும். ஒரு வருடம் கழித்துப் போகும் பயணத்துக்கு இன்றே முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால் யோசியுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரொக்கமாகத் தராமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கும்.

'எல்லாம் சேர்த்துதான் அண்ணாச்சி' என்று தாராவி 90 அடி சாலை ஏஜென்ட் சொன்னால், எது எது சேர்த்தி என்று எழுத்தில் வாங்குங்கள். கேபின் கட்டணம் ஒன்று. துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான சேவைத் தொகை, ஜிஎஸ்டி ஆகியவை பெரும்பாலும் தனித்தனி. சாப்பாடு பொது உணவகத்தில் மட்டும்தான் இலவசம். தனிச் சிறப்பு உணவகங்களில் காசு. குளிர்பானம், மது, இணைய வசதி, கரையில் சுற்றிப்பார்க்கும் பேருந்து, மருத்துவரைப் பார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையிலேயே எல்லாச் செலவும் ஏறும். கடைசி நாள் காலையில்தான் மொத்தத் தொகை தெரியும். குழந்தைகளின் அட்டையில் செலவு ஏறாதபடி முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லித் தடுத்துவிடலாம். தினமும் இரவு ஒருமுறை கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. ஏறிய தவறான தொகையை அன்றே நீக்கச் சொல்வது சுலபம், இறங்கும் நாள் வரிசையில் நின்றுகொண்டு சொல்வது கடினம்.

செல்பேசியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கரை மறைந்த சிறிது நேரத்தில் ஊர் சிக்னல் போய்விடும். பிறகு கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால், உள்நாட்டு ரீசார்ஜ் திட்டம் எதுவும் அதற்குப் பொருந்தாது, கட்டணம் எகிறிவிடும். நங்கூரம் தூக்கியதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்குப் பேசுவதென்றால் கப்பலின் வைஃபை திட்டத்தை விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த மாதம் போவது என்பதற்குப் பதில் கடலிடம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அதனால்தான் அந்த மாதங்களில் எம்ப்ரஸ் கப்பலைச் சில ஆண்டுகளாகச் சென்னைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். 2023 ஜூனில் அங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணமும் தொடங்கியது. மும்பையிலிருந்து முதன்முறை போகும் பெரியவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளம் உசத்தி என்று கூடுதல் பணம் கொடுத்து, முன்முனையில் அறை எடுத்து, இரண்டு இரவும் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போனவர்கள் உண்டு. சன்னல் இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது. இரவில் இரண்டு முறை எழுந்து போகும் வயதானவர்களுக்குச் சின்ன இரவு விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். கப்பல் குளியலறைகளின் வாசற்படி தரையைவிட உயர்ந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் கால் தட்டி விழுவது சகஜம். முதல் நாளே அப்பாவைக் கூட்டிப்போய் அந்தப் படியைக் காட்டிவிடுங்கள்.

குமட்டலுக்கு மாத்திரை உண்டு. அவோமின் போன்றவற்றைக் கப்பல் ஆடத் தொடங்கியபின் விழுங்கினால் பலன் குறைவு. ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஆனால் இவை தூக்கம் வரவழைப்பவை. மதுவோடு சேரவே கூடாது. புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஆண்களுக்கு இவற்றால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. எனவே குடும்ப மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட வேண்டாம். பக்கவிளைவில்லாத வழிகளும் இருக்கின்றன: வயிற்றைக் காலியாக விடாதிருப்பது, திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பார்ப்பது, ஆட்டத்தில் கைபேசியைப் படிக்காமலிருப்பது. இஞ்சி மரப்பாவும் பலருக்குக் கைகொடுக்கிறது.

மருந்து விஷயத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். செம்பூர் சேடா நகரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், இன்சுலினைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தார். துறைமுக வாசலில் பெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அது கேபின் கதவுக்கு வந்து சேர்ந்தபோது இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதுவரை அவர் சாப்பிடவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நடைபாதையில் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார். இது யாருடைய அலட்சியமும் அல்ல. நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஏற்றும் கப்பலில் நடைமுறையே அப்படித்தான். அதை யாராவது முன்கூட்டியே மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். மருந்து, மருந்துச்சீட்டு, கண்ணாடி, காதுக் கருவி, அடையாள அட்டை, ஒரு மாற்றுடை இவையெல்லாம் கைப்பையில், உங்கள் தோளிலேயே இருக்க வேண்டும். மருந்து, பயண நாட்களைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கப்பல் தாமதமாகத் திரும்பலாம். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன எம்ப்ரஸ் கப்பலில் 66 பேருக்குக் கொரோனா உறுதியானது. ஏறத்தாழ 2,000 பேருடன் மர்மகோவாவில் காத்திருந்துவிட்டுக் கப்பல் மும்பைக்கே திரும்பியது. அந்த நாட்களில் கையில் மருந்து இல்லாதவர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

கப்பல்களில் அதிகம் பரவும் வயிற்றுப்போக்குக்கு நோரோ என்ற வைரஸ் காரணம். உணவகத்தின் வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதை முழுதாகக் கொல்லாது; சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும். நம் ஊர் வழக்கப்படி கையால் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரிய நோய் வந்தால் கப்பல் மருத்துவரால் முதலுதவிதான் தர முடியும். மாரடைப்பு என்றால் கடலோரக் காவல் படை வந்து இறக்கிக் கொண்டுபோக வேண்டும். அது கடலின் நிலையைப் பொறுத்தது. ஆகவே மருத்துவக் காப்பீட்டில் கடல் பயணமும், கப்பலிலிருந்து இறக்கும் செலவும் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரத்துக்குமேல் ஏற்றுவதில்லை.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2024 டிசம்பர் 18 மாலை, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபன்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகின்மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். படகில் அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலான பயணிகள். பெரும்பாலோர் உடலில் உயிர்காப்பு அங்கி இல்லை. இதே மும்பைக் கடலில்தான் 1947 ஜூலை 17 அன்று 'ராம்தாஸ்' கப்பல் கவிழ்ந்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் ஆபத்து வராது என்பது தவறான நம்பிக்கை. இரண்டுமே கரையிலிருந்து வெகுதொலைவில் நடக்கவில்லை.

பெரிய கப்பலில் ஏற்பாடுகள் மேலானவைதான். சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான 'சோலாஸ்' விதிப்படி, கப்பலில் இருக்கும் மொத்த ஆட்களைவிட 25 விழுக்காடு கூடுதலானோருக்கு உயிர்காப்புப் படகு, மிதவைகளில் இடம் இருக்க வேண்டும். ஆனால் படகு இருந்தால் போதுமா? 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜில்யோ தீவருகே 'கோஸ்டா கன்கோர்டியா' பாறையில் மோதியது. 4,200-க்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. இறந்தவர்களில் ஒருவர் நம் மும்பையைச் சேர்ந்த பணியாளர் ரஸல் ரெபெல்லோ. அவருடைய உடல் 2014 நவம்பரில்தான், கப்பலை உடைக்கும் வேளையில், ஒரு கேபினுக்குள் கிடைத்தது. அந்த விபத்துக்குப் பிறகே, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு விலை கொடுத்து வந்த ஒத்திகையின்போதுதான் நம்மவர்கள் மேல்தளத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து போங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்று சங்கு ஊதினால் அதுதான் அபாய அழைப்பு. உங்கள் கூடுமிடத்தின் எழுத்தும் எண்ணும் கேபின் கதவின் உட்புறத்திலும் அறை அட்டையிலும் இருக்கும். கேபினிலிருந்து அங்கே போகும் மாடிப்படியை ஒருமுறை நடந்து பாருங்கள். அவசரத்தில் லிஃப்டைத் தொடக் கூடாது. உயிர்காப்பு அங்கி அலமாரியில் இருக்கிறதா, கூடுமிடத்தில் தருவார்களா என்று கேளுங்கள். அலமாரியில் இருந்தால் எடுத்து ஒருமுறை போட்டுப் பழகுங்கள். தலைவழியே மாட்டி, இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் 'க்ளிக்' என்று பூட்டி, தொளதொளவென்று இல்லாமல் இழுத்து இறுக்க வேண்டும். தோளருகே ஒரு விசிலும், தண்ணீர் பட்டால் எரியும் சிறு விளக்கும் இருக்கும். புடவை கட்டியிருப்பவர்கள் முந்தானையை முதலில் இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அதன்மேல்தான் அங்கியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் படகில் இறங்கும்போது துணி காலில் சிக்கும். குழந்தைகளுக்குத் தனி அளவு அங்கி உண்டு. முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்குப் போட்டால் நழுவிவிடும்.

யாராவது கடலில் விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மிதவை வளையத்தை எறிந்து, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டு, விழுந்தவரை விரலால் சுட்டிக்காட்டியபடியே நில்லுங்கள். ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் அலைகளுக்கு நடுவே அந்தத் தலை மறைந்துவிடும். பால்கனிக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இப்போது மொழி. ஒத்திகை அறிவிப்பு, பயணிகளுக்குப் புரியக்கூடிய ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளில் இருக்க வேண்டும் என்பது அதே சோலாஸ் ஒப்பந்தத்தின் சொல். மும்பை லோக்கல் ரயிலிலேயே அடுத்த நிலையத்தின் பெயரை மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் சொல்கிறார்கள். மும்பையிலிருந்து கிளம்பும் கப்பலில் இந்தி, மராத்தியும், சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் தமிழும் கட்டாயமாக ஒலிக்க வேண்டும். தாராவியிலிருந்து ஒரு கூட்டமாகப் போகும் குடும்பங்களில், தமிழைத் தவிர வேறு மொழி சரளமாகத் தெரியாத ஆச்சிகள் இருக்கிறார்கள். உயிர் காக்கும் அறிவிப்பு அவர்களுக்குப் பேரன் மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு என்ற நிலை சரியல்ல. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் மும்பையில்தான் இருக்கிறது. குறைந்தபட்சம் ஒரு படவிளக்கத் தாளை இந்திய மொழிகளில் அச்சிட்டு, டிக்கெட்டோடு இணைக்கச் சொல்லி உத்தரவிட அதற்கு அதிக நாள் ஆகாது.

போய்ச் சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஏறும் இடம் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பல்லார்டு பியர். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் நேரே போகும். பெட்டிகள் அதிகம் என்றால் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் டாக்ஸி. ஆனால் ஃப்ரீவே இறங்கும் ஆரஞ்ச் கேட் பக்கம் நெரிசலில் அரை மணி நேரம் நிற்க நேரலாம். மாட்டுங்கா, சயான்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் என்றால் ரயில் பராமரிப்புக்கான மெகா பிளாக் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கப்பல் ஐந்து மணிக்கு என்றால் வாயில் மூன்று மணிக்கே அடைத்துவிடலாம். டிக்கெட்டில் இருக்கும் கடைசி நுழைவு நேரத்தைப் பாருங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். சிங்கப்பூர் போய் அங்கே கப்பலேறுகிறவர்கள், திரும்பி அதே ஊரில் இறங்க வேண்டியிருப்பதால் பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம் ஆகியவற்றை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேபினில் விளக்கேற்றிச் சாமி கும்பிட முடியாது என்று பாட்டியிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

வழித் துறைமுகங்களில் இறங்கிச் சுற்றுபவர்கள், திரும்பி ஏறும் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும். மர்மகோவா துறைமுகத்துக்கும் பனாஜிக்கும் சுமார் 30 கிலோமீட்டர். கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கலாம். தனியாக டாக்ஸி பிடித்துப் போனவர்களுக்காக நிற்காது.

ஒப்பந்தத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு: எந்தத் துறைமுகத்தையும் காரணம் கருதித் தவிர்க்கவும் மாற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது அது. வானிலைக்காக என்றால் நியாயம்தான். கேப்டனின் முடிவை யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய எம்ப்ரஸ் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், அறிவித்தபடி பயணிகளால் அங்கே இறங்க முடியவில்லை. அனுமதி கையில் இல்லாத துறைமுகத்தைக் காட்டி டிக்கெட் விற்பதும், வானிலையால் துறைமுகம் தவறிப்போவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று விதியே வர வேண்டும். அதுவரை பயணிக்கு இருக்கும் ஆயுதம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். விளம்பரத் தாள், ஏஜென்டின் வாட்ஸ்அப் வாக்குறுதிகள், கடைசி நாள் கணக்குச்சீட்டு மூன்றையும் வீடு திரும்பியபின்னும் பத்திரமாக வைத்திருங்கள்.

2025 செப்டம்பர் 20 அன்று பல்லார்டு பியரிலுள்ள மும்பை சர்வதேசக் கப்பல் முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளவும், ஒரே நேரத்தில் ஐந்து கப்பல்களை நிறுத்தவும் அங்கே வசதி உண்டு. செக்-இன்னுக்கும் குடிவரவுக்குமாக 72 கவுன்டர்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை மும்பைத் துறைமுக ஆணையம் பயணிகளின் கேள்விகளுக்காக ஒதுக்கட்டும். மராத்தி, இந்தி, குஜராத்தி, தமிழ் பேசும் ஆட்கள் அங்கே உட்கார்ந்து, உயிர்காப்பு அங்கியைப் போட்டுக் காட்டி, கைப்பையில் மருந்து இருக்கிறதா என்று ஒவ்வொரு பெரியவரிடமும் கேட்டு அனுப்பட்டும். அடுத்த பருவம் தொடங்கும் அக்டோபருக்குள் இதைச் செய்துவிட முடியும்.